கல்லில் எழுதிய கொடிவழி
செம்பியன் மாதேவியாரின் குடியும் வாழ்வும்



கும்பகோணத்திற்குக் கிழக்கே வயல்கள் சூழ்ந்த சிற்றூர் ஒன்று உள்ளது. இன்று அதன் பெயர் கோனேரிராசபுரம். தேவாரத்தில் அதன் பெயர் திருநல்லம். அவ்வூர் உமாமகேசுவரர் கோயிலின் கருங்கற் சுவரில் சிறியதொரு புடைப்புச் சிற்பம் இருக்கிறது. அடியவர் ஒருவர் சிவலிங்கத்தின்முன் அமர்ந்து வழிபடுகிறார். அவர் யார் என்பதை அருகிலுள்ள எழுத்துகள் கூறுகின்றன. அவர் சோழமன்னர் கண்டராதித்தர். அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின்னர், மகன் உத்தமசோழன் ஆட்சியில், அவர் பெயரால் அக்கோயிலைக் கற்றளியாக எடுப்பித்தவர் அவர்தம் தேவியார் செம்பியன் மாதேவியார். அதே கோயிலில் இன்னொரு செய்தியும் கல்லில் உள்ளது. தேவியாரின் ஆணைப்படி அத்திருப்பணியைச் செய்து முடித்தவன் ஆலத்தூருடையான் சாத்தன் குணபத்தன் என்பான். அவனுக்கு இராசகேசரி மூவேந்தவேளான் என்னும் பட்டமும் கிடைத்தது. ஆயிரம் ஆண்டுகள் கழிந்த பின்னும் அவன் ஊரும் தந்தை பெயரும் தன் பெயரும் நமக்குத் தெரிகின்றன.

இவற்றையெல்லாம் எழுதுவித்த அம்மையாரின் பெயர் யாது? இவ்வினாவில்தான் அவர் வாழ்வைப் பற்றிய ஆராய்ச்சி தொடங்க வேண்டும். செம்பியன் என்பது சோழனைக் குறிக்கும் குடிப்பெயர். மாதேவி என்பது பட்டத்தரசிக்குரிய சொல். ஆகவே ‘செம்பியன் மாதேவி’ என்பது சோழனின் பெருந்தேவி என்னும் பொருளுடைய பட்டமேயன்றிப் பெற்றோர் தொட்டிலில் இட்டு அழைத்த பெயரன்று. சோழர் குடியில் வேறு அரசியரும் அப்பட்டத்தைத் தாங்கியதுண்டு. அவருள் இவரைப் பிரித்துக் காட்டக் கல்வெட்டுகள் மூன்று உறவுகளைத் துணையாகக் கொள்கின்றன: மழவரையர் மகளார், கண்டராதித்த தேவரின் தேவியார், உத்தமசோழரைத் திருவயிறு வாய்த்த உடைய பிராட்டியார். மகள், மனைவி, தாய் என்னும் இம்மூன்று படிகளின் வழியாகவே அவரை நாம் அணுக இயலும். ஆயினும் அம்மூன்றிலும் அடங்காத நான்காவது உறவு ஒன்றும் உண்டு. அதுவே இவ்வுரையின் நோக்கம்.

பிறந்த குடி

மழவர் என்னும் பெயர் தமிழ் இலக்கியத்திற்குப் புதியதன்று. சங்கப் பாடல்களில் மழவர் போர்த்தொழில் வல்ல மறவராக வருகின்றனர். ஔவையார் பாடிப் போற்றிய அதியமான் நெடுமான் அஞ்சி மழவர் பெருமகன் எனப் பெயர் பெற்றவன். பிற்காலத்தில் காவிரியின் வடகரையில் மழநாடு என்றொரு நாட்டுப்பிரிவே வழங்கியது. திருமழபாடி என்னும் பாடல்பெற்ற தலத்தின் பெயரை மழவர் பாடி என்பதன் திரிபாகக் கொள்வாரும் உளர். ஆக, செம்பியன் மாதேவியார் பிறந்த குடி சோழப் பேரரசு தலையெடுப்பதற்குப் பன்னூறு ஆண்டுகளுக்கு முன்பே புலவர் நாவில் இடம்பெற்ற குடி.

அக்குடியில் பிறந்த இன்னொரு பெண்ணையும் தமிழுலகம் அறியும். திருஞானசம்பந்தர் திருப்பாச்சிலாச்சிராமம் சென்றபோது, கொல்லி மழவனின் மகள் முயலகன் என்னும் நோயால் உணர்விழந்து கிடந்தாள் என்றும், பிள்ளையார் பதிகம் பாட அவள் நோய் நீங்கி எழுந்தாள் என்றும் பெரியபுராணம் கூறும். அப்பெண்ணும் கொல்லி மழவன் மகள் என்றே அறியப்படுகிறாள். ஒரே குடியில் பிறந்த இருவர். ஒருத்தி பதிகத்தால் உயிர் பெற்றவள், மற்றொருவர் பதிகம் பெற்ற தலங்களுக்குக் கல்லால் உடல் தந்தவர். இருவர்க்கும் நிலைத்த அடையாளம் மழவன் மகள் என்பதே.

மழவர் மகள் சோழர் மருமகளானது தற்செயலன்று. ஒன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் விசயாலயன் தஞ்சையைக் கைப்பற்றியபோது சோழநாடு என்பது சிறியதொரு நிலப்பகுதியே. அதனைச் சூழக் கொடும்பாளூரில் இருக்குவேளிர், பழுவூரில் பழுவேட்டரையர், திருக்கோவலூரில் மலையமான்கள், மழநாட்டில் மழவரையர் எனப் பழங்குடித் தலைவர் பலர் தத்தம் படையோடும் பெருமிதத்தோடும் இருந்தனர். இவர்களைப் போரால் மட்டும் வென்று நிலைபெறுவது இயலாது என்பதைச் சோழர் உணர்ந்திருந்தனர். மணவுறவு அவர்க்கு உடன்படிக்கையாயிற்று. முதற் பராந்தகனின் தேவியருள் ஒருத்தி பழுவேட்டரையர் மகள். சுந்தரசோழனின் தேவி வானவன் மாதேவி மலையமான் மகள். உத்தமசோழனின் தேவியருள்ளும் பழுவேட்டரையர் மகளும் இருங்கோளர் மகளும் விழுப்பரையர் மகளும் இருந்தனர். சோழர் கொடிவழியை எழுதும் செப்பேடுகள் தந்தை, மகன், பெயரன் என்று ஆண்வழியே இறங்கிச் செல்லும். அவ்வழியைத் தாங்கி நின்றவையோ இப்பெண்கள் கொண்டுவந்த உறவுகள்.

புகுந்த குடி

கி.பி. 941இல், முதற் பராந்தகன் ஆட்சியில், செம்பியன் மாதேவியார் சிவன் கோயிலில் நந்தா விளக்கு ஒன்றுக்கு அறக்கட்டளை வைத்தார். அவர் வாழ்வைப் பற்றிய ஆண்டுக் குறிப்புகளில் அதுவே முற்பட்டது. விளக்கெரிக்கும் அறம் அக்காலத்தில் எவ்வாறு நடந்தது என்பதை இங்கே நினைவுகூர்தல் தகும். விளக்கு ஒன்றுக்குத் தொண்ணூறு அல்லது தொண்ணூற்றாறு ஆடுகளைக் கோயிலுக்கு அளிப்பர். இடையர் அவற்றைப் பெற்றுக்கொண்டு நாள்தோறும் குறித்த அளவு நெய் அளக்க வேண்டும். இறப்பனவற்றைப் பிறப்பனவற்றால் ஈடுசெய்து மந்தையின் எண்ணிக்கை குறையாமல் காக்க வேண்டும். அதனால் அவற்றைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று கல்வெட்டுகள் அழைத்தன. ஒவ்வோர் ஆடும் சாகும், மூக்கும். மந்தை சாவதில்லை, மூப்பதில்லை. இச்சொற்றொடரைச் செம்பியன் மாதேவியாரின் வாழ்வுக்கே உரையாகக் கொள்ளலாம். தனி உயிர் போனாலும் ஒழுங்கு போகாமல் காப்பது எப்படி என்பதை அவர் அறுபது ஆண்டுகள் செய்து காட்டினார்.

அந்த அறுபது ஆண்டுகளில் சோழர் குடிக்கு நேர்ந்த இழப்புகள் சிறியன அல்ல. கி.பி. 949இல் தக்கோலத்தில் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணனோடு நடந்த போரில் பட்டத்து இளவரசன் இராசாதித்தன் யானைமேல் இருந்தவாறே உயிர்துறந்தான். தொண்டைநாடு சோழர் கையை விட்டுப் போயிற்று. பராந்தகன் அரைநூற்றாண்டு முயன்று கட்டிய அரசு காவிரிக் கரையளவாகச் சுருங்கியது. இளையவர் கண்டராதித்தர் அரசுரிமை பெற்ற சூழல் இதுதான்.

கண்டராதித்தர் வாளால் பெயர் பெற்றவரல்லர்; பாட்டால் பெயர் பெற்றவர். ஒன்பதாம் திருமுறையாகிய திருவிசைப்பாவைப் பாடிய ஒன்பதின்மருள் அவரும் ஒருவர். தில்லைக் கூத்தனைப் பாடிய அவர் பதிகத்தின் இறுதியில் தம் பெயரையும் தஞ்சை அரசையும் பதித்து வைத்தார். அரசராகவும் திருமுறை ஆசிரியராகவும் ஒருங்கே விளங்கும் பேறு மிகச் சிலர்க்கே வாய்த்தது. காவிரியின் வடகரையில் தம் பெயரால் ஓர் ஊரை ஏற்படுத்தி, மதுராந்தகன் என்னும் மகனைப் பெற்றபின் அவர் விண்ணுலகு எய்தினார் என்று ஆனைமங்கலச் செப்பேடு அவர் வாழ்வைச் சுருக்கிச் சொல்லும். ஏறத்தாழ கி.பி. 957இல் அவர் காலம் முடிந்தது.

மகன் இளையவன், நாடு பகைவர் அச்சத்தில் இருந்தது. அரசு கண்டராதித்தரின் தம்பி அரிஞ்சயனுக்கும், அவனுக்குப்பின் அவன் மகன் சுந்தரசோழனுக்கும் சென்றது. தேவியார் கைம்பெண் ஆனார்.

இவ்விடத்தில் அதே அரண்மனையில் நிகழ்ந்த இன்னொரு மரணத்தை நினைவுகூர வேண்டும். சில ஆண்டுகளுக்குப் பின்னர்ச் சுந்தரசோழன் காஞ்சிப் பொன்மாளிகையில் இறந்தபோது, அவன் தேவி வானவன் மாதேவி கணவனுடன் தீப்புகுந்தாள். பால்மணம் மாறாத குழந்தையைப் பிரிந்து அவள் தீயுள் இறங்கினாள் என்று திருக்கோவலூர்க் கல்வெட்டு அதனைப் புகழ்ந்து பேசுகிறது. அக்காலத்தார் அதனை உயர்ந்த கற்பாகக் கருதினர். செம்பியன் மாதேவியார் அவ்வழியே செல்லவில்லை. கணவருக்குப்பின் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். அதனால் அவர்தம் பெருமை ஓர் அணுவும் குறைந்ததில்லை. பின்வந்த மன்னர் அவைகளிலும் அவர் வணக்கத்திற்குரிய மூத்தவராகவே இருந்தார். தீப்புகுந்தவர்க்கு ஒரு கல்வெட்டு. உயிரோடிருந்து விளக்கேற்றியவர்க்கோ கோயில்தோறும் கல்வெட்டு. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போதுதான் கணவரின் பெயரைக் காக்க உயிரோடிருத்தலும் ஒரு வழி என்பதை அப்பத்தாம் நூற்றாண்டு ஏற்றிருந்தது புலனாகிறது.

ஈன்ற மகன்

சுந்தரசோழனின் மூத்த மகன் ஆதித்த கரிகாலன் சூழ்ச்சியால் கொல்லப்பட்டான். அதன்பின் ஏறத்தாழ கி.பி. 970இல் அரியணை ஏறியவன் கரிகாலனின் தம்பி அருள்மொழி அல்லன். செம்பியன் மாதேவியாரின் மகன் உத்தமசோழன். மக்கள் அருள்மொழியையே விரும்பினர் என்றும், சிற்றப்பனுக்கு அரசில் விருப்பம் உள்ளவரை தான் அதனை மனத்தாலும் நினையேன் என அவன் விலகி நின்றான் என்றும் திருவாலங்காட்டுச் செப்பேடு உரைக்கும். இச்செப்பேடு அருள்மொழியின் மகன் இராசேந்திரன் காலத்தது என்பதையும் உடன் கருத வேண்டும்.

கொலைக்கும் உத்தமசோழனுக்கும் தொடர்புண்டோ என்னும் ஐயத்தை வரலாற்றறிஞர் நீலகண்ட சாத்திரியார் எழுப்பினார். சதாசிவ பண்டாரத்தார் அதனை மறுத்தார். கல்கி 1950 முதல் 1954 வரை எழுதிய ‘பொன்னியின் செல்வன்’ புதினமும், 2022இலும் 2023இலும் வெளிவந்த அதன் திரைவடிவமும் அக்கொலையைத் தமிழர் வீடுதோறும் பேசும் பொருளாக்கின. புதினத்துச் செம்பியன் மாதேவியார் தம் மகனே அரசுக்கு வரலாகாது எனத் தடுக்கும் தாய். அது கதைக்கு உரம் சேர்க்கும் கற்பனை. கல் கூறுவது என்ன?

காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடியில் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று உள்ளது. பாண்டியன் தலைகொண்ட கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், இரவிதாசன், பரமேசுவரன் முதலியோரை அது பெயர் சுட்டிக் கூறி, அவர்களுடைய உறவினரின் உடைமைகளும் பறிக்கப்பட்டமையைத் தெரிவிக்கிறது. அவர்களுள் இருவர் பிரமாதிராசன் என்னும் அரசுப் பட்டம் தாங்கியவர்கள். உத்தமசோழன் பெயரோ அவன் தாயின் பெயரோ அதில் இல்லை. ஆட்சியின் தொடக்கத்திலேயே கொலையாளிகளின் சுற்றத்தை எல்லாம் தண்டித்த இராசராசன், செம்பியன் மாதேவியாரை எவ்வாறு நடத்தினான் என்பதே தக்க சான்று. கி.பி. 985இல் மகன் மறைந்தபின் அவர் மேலும் பதினாறு ஆண்டுகள் இராசராசன் ஆட்சியில் தம் பழைய சிறப்புப் பெயர்கள் யாவும் விளங்க அறம் செய்தார். அவர் பெயரன் மதுராந்தகன் கண்டராதித்தன் அரியணைக்குப் போட்டியிடவில்லை. இராசராசனின் உயர் அலுவலனாய்க் கோயில்களின் கணக்கு வழக்குகளை ஆராயும் பணியில் அவன் இருந்தான். பாட்டி கோயில்களைக் கல்லாக்க, பெயரன் கோயில்களின் கணக்கைக் காத்தான். பாட்டனின் பெயரே பெயரனுக்கும் இடப்பட்டிருந்தமை கருதத்தக்கது.

குருதிவழியில் நோக்கினால் செம்பியன் மாதேவியாரின் கிளை இத்துடன் அரியணையை விட்டு விலகியது. உத்தமசோழனுக்குப் பின் சோழநாட்டை ஆண்டவர் எவரும் அவர் வயிற்று வழியினர் அல்லர். வெறும் கொடிவழிப் பட்டியலில் அவர் முற்றுப்பெற்ற ஒரு கிளையின் வேர் மட்டுமே. ஆனால், சோழப் பேரரசர் பலர்க்கு எழுப்பாத உருவத்தைக் கொழுந்தன் வழிவந்த கொள்ளுப்பெயரன் முறையினனாகிய இராசேந்திரன் இவர்க்கு எழுப்பினான். காரணம் யாது?

கற்றளிகள்

செம்பியன் மாதேவியார் புதிய இடத்தில் புதிய கோயில் கட்டிப் புகழ் தேடியவரல்லர். மூவர் பாடிய பழந்தலங்களில் செங்கல்லால் இருந்த தளிகளைக் கருங்கல் தளிகளாக மாற்றினார். திருநல்லம், திருக்கோடிகாவல், தென்குரங்காடுதுறையாகிய ஆடுதுறை, குத்தாலம், திருமணஞ்சேரி, திருவாரூர் அறநெறி, ஆனாங்கூர், விருத்தாசலம், திருவக்கரை, தம் பெயரால் அமைந்த செம்பியன் மாதேவி என அப்பட்டியல் நீளும். இவற்றுள் பெரும்பாலன காவிரிப் பகுதியில் உள்ளவை. வடக்கே விருத்தாசலம் நடுநாட்டிலும் திருவக்கரை தொண்டைநாட்டிலும் உள்ளவை. தக்கோலத்தில் இழந்த வடபுலம் சோழர்க்குச் சிறிது சிறிதாக மீண்ட காலம் அது. படை சென்ற திசையிலேயே தேவியாரின் சிற்பிகளும் சென்றனர். கி.பி. 1001இல் எழுந்த திருவக்கரைக் கற்றளியே அவர் பணிகளில் காலத்தால் பிற்பட்டது.

அவர் காலத்துக் கற்றளிகளில் சிற்ப அமைதியும் மாறியது. அதற்கு முன்னர்க் கருவறைப் புறச்சுவரில் திசைக்கொன்றாக மாடங்கள் மூன்றே சிறப்புற இருந்தன. இவர் எடுப்பித்த கோயில்களில் முன்மண்டபச் சுவரிலும் மாடங்கள் பெருகி, பிள்ளையார், அகத்தியர், ஆடல்வல்லான், மாதொருபாகன், கொற்றவை முதலிய திருவுருவங்கள் இடம்பெற்றன. தென்புற மாடத்தில் ஆடல்வல்லானை அமைக்கும் வழக்கம் இவர் கோயில்களில்தான் ஒழுங்காக நிலைபெற்றது. கணவர் பாடியது தில்லைக் கூத்தனை என்பதை அறிந்தவர்க்கு இதன் காரணம் விளங்கும். அவர் ஒரு பதிகத்தில் பாடிய தெய்வத்தை இவர் ஊர்தோறும் மாடத்தில் நிறுத்தினார். சோழநாடெங்கும் ஆடல்வல்லான் வடிவம் பரவியதில் இந்த இல்லறத்தின் பங்கு பெரிது.

திருவுருவத்தோடு அவர் நிறைவுற்றாரில்லை. விளக்குக்கு ஆடு, திருவமுதுக்கு நெல், நந்தவனத்துக்கு நிலம், பூசைக்குப் பொன்னும் வெள்ளியுமான கலங்கள், அடியார் உண்ண அறச்சாலை என ஒவ்வொன்றுக்கும் முதல் வைத்து, அதனை நடத்துவோர் யாவர், அவர்க்குக் கூலி எவ்வளவு என்பதையும் எழுதுவித்தார். கட்டுவது ஒருநாள் மகிழ்ச்சி. நடத்துவது என்றும் உள்ள கடமை. சாவா மூவாப் பேராட்டின் நெறி இங்கும் உண்டு.

நாகப்பட்டினப் பகுதியிலுள்ள செம்பியன் மாதேவி என்னும் ஊரின் கயிலாயநாதர் கோயிலில் உத்தமசோழனின் தேவியர் பலர் அளித்த கொடைகள் பதிவாகியுள்ளன. அவர் பிறந்த கேட்டை நாளைக் கொண்டாடுவதற்கென அவர்கள் அறம் வைத்தனர். மருமகள்மார் கூடி மாமியாரின் பிறந்தநாளுக்கு முதல் வைத்த செய்தி உலக வரலாற்றில் அடிக்கடி காணக் கிடைப்பதன்று. பின்னர் இராசேந்திரன் அவ்வூர்க் கோயிலில் தேவியாரின் திருவுருவத்தையே நிறுவி அதற்கு வழிபாடும் ஏற்படுத்தினான்.

அமெரிக்க நாட்டு வாசிங்டன் நகரின் ஃப்ரீர் அருங்காட்சியகத்தில் 1929 முதல் அழகிய செப்புத் திருமேனி ஒன்று உள்ளது. உமையின் சாயலில் வார்க்கப்பெற்ற அதனைச் செம்பியன் மாதேவியாரின் உருவமாகக் கலைவரலாற்றறிஞர் கருதுவர். செம்பியன் மாதேவி ஊர்க் கோயிலிலிருந்து களவுபோன திருமேனி அது என்று தமிழகக் காவல்துறையின் சிலைக்கடத்தல் தடுப்புப் பிரிவு 2022இல் அறிவித்தது. ஊர்தோறும் பிறர் பெயரைக் காத்தவரின் உருவத்தை அவர் ஊரால் காக்க இயலாமற் போயிற்று என்றால், அதில் தலைகுனிய வேண்டியவர்கள் நாம் அனைவருமே.

பழங்கற்படி

இனி, அந்த நான்காம் உறவுக்கு வருவோம்.

கும்பகோணத்திற்கு வடகிழக்கே, காவிரியின் வடகரையில் திருக்கோடிகாவல் என்னும் தலம் உள்ளது. உத்தமசோழன் காலத்தில் தேவியார் அக்கோயிலைக் கற்றளியாக எடுக்க முற்பட்டபோது, அங்கே பழைய கற்கள் பல கிடந்தன. பல்லவர் காலத்தும் பாண்டியர் காலத்தும் யார் யாரோ வைத்த அறங்கள் அவற்றில் எழுதப்பட்டிருந்தன. அவை சோழர் புகழைப் பேசுவன அல்ல. அந்த மன்னர் குடிகள் சோழர்க்குப் பகையாயிருந்தவை. புதிய கோயில் எழும்போது பழங்கற்கள் அடித்தளத்தில் புதைவதே இயல்பு. யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

அவ்வாறு நிகழவில்லை. பழங்கற்களில் இருந்த எழுத்துகளைப் படித்துப் படியெடுத்துப் புதிய சுவரில் மீண்டும் வெட்டுவித்தனர். அவ்வாறு வெட்டியவற்றில், ‘இதுவும் ஒரு பழங்கற்படி’ என்று உண்மையையும் சேர்த்து எழுதினர். மூலம் இதுவன்று, பழைய கல் ஒன்றின் படி இது என்று சொல்லும் நேர்மை அத்தொடரில் உள்ளது. பல்லவனின் ஆட்சியாண்டு பல்லவனுக்கே; பாண்டியனின் கொடை பாண்டியனுக்கே. புதுச்சுவர் கட்டியவரின் பெருமை பழையவரின் பெயரை விழுங்கவில்லை. யாரோ ஓர் ஊரான் வைத்த அரை விளக்கும் மறக்கப்படவில்லை.

பெயரில்லாத அரசி ஒருவர் பிறர் பெயர்களைத் தாங்கி நின்ற இடம் இதுதான். கணவர் பெயரைத் திருநல்லத்தில் காத்தது அன்பினால் எனலாம். மகன் பெயரை விளக்கியது தாய்மையால் எனலாம். சாத்தன் குணபத்தன் பெயரைப் பொறித்தது நன்றியால் எனலாம். தமக்கு எவ்வகையிலும் உறவில்லாத, தம் குடிக்குப் பகையுமான பழையோரின் பெயர்களைக் காத்தது எதனால்? எழுதப்பட்ட சொல்லின்பால் கொண்ட மதிப்பு என்பதன்றி அதற்கு வேறு விடை இல்லை. மகள், மனைவி, தாய் என்னும் மூன்று உறவுகளுக்கும் அப்பால் அவர்க்கு நான்காவது உறவாய் அமைந்தது எழுத்தோடு கொண்ட இவ்வுறவே.

இந்நெறி அவரோடு முடிந்ததா? இல்லை என்பதற்கு அவர் பிறந்த மழநாட்டிலேயே சான்று உண்டு. இராசராசன் தன் 28ஆம் ஆட்சியாண்டில் திருமழபாடிக் கோயிலின் விமானத்தைப் பிரித்துப் புதிதாக எடுக்க ஆணையிட்டான். பிரிப்பதற்கு முன், அதன் சுவரிலிருந்த கல்வெட்டுகளையெல்லாம் புத்தகத்தில் படியெடுத்துக்கொள்ள வேண்டும் என்பதும் அவ்வாணை. கற்றளி எழுந்தது, இராசராசன் மறைந்தான். இராசேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டில், புத்தகத்திலிருந்த அப்பழைய எழுத்துகள் புதிய சுவரில் மீண்டும் வெட்டப்பட்டன. ஆணையிட்ட அரசன் போனபின்னும் புத்தகம் காக்கப்பட்டது. தந்தையின் சொல்லை மகன் நிறைவேற்றினான். பாட்டி முறையினரான அம்மையார் திருக்கோடிகாவலில் செய்ததை இருவரும் பேரரசின் முறையாகவே ஏற்றனர். குந்தவையார் தாதாபுரத்தில் எடுத்த கோயில்களும், இராசராசனின் தேவி உலோகமாதேவியார் திருவையாற்றில் எடுத்த வடகயிலாயமும் அம்மையார் காட்டிய வழியில் எழுந்தவையே.

குருதிவழி அவர்க்கு மகனோடும் பெயரனோடும் ஒதுங்கிற்று. செயல்வழியோ இராசராசன், குந்தவை, உலோகமாதேவி, இராசேந்திரன் எனத் தழைத்தது. செப்பேடுகள் எழுதாத கொடிவழி இது. கல் எழுதிய கொடிவழி.

இன்று திருப்பணி என்ற பெயரில் நடப்பன சிலவற்றை இதனோடு ஒப்பிட வேண்டியுள்ளது. மணலை வீசிக் கல்லைத் துலக்கியதால் எழுத்து மழுங்கிப்போன சுவர்கள் உண்டு. சுண்ணாம்பும் வண்ணமும் பூசி மறைத்த கல்வெட்டுகள் உண்டு. தரைக்கு மெருகேற்றிய கல் பதிக்கையில் எடுத்தெறிந்த எழுத்துப் பலகைகள் உண்டு. அருகிலேயே, மின்விளக்கு வாங்கித் தந்தவரின் பெயர் அவ்விளக்கின் ஒளியையே மறைக்கும் அளவில் எழுதப்பட்டிருக்கும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அச்சும் ஒளிப்படமும் இல்லாத காலத்தில் ஓர் அம்மையார் செய்ததை, எல்லாக் கருவியும் கைவரப்பெற்ற காலம் செய்யத் தவறுகிறது.

இச்செய்தி கோயில்களுக்கு மட்டும் உரியதன்று. பத்தாண்டு நிறைவு காணும் ஓர் இலக்கிய வட்டத்திற்கும், அதில் பாடும் கவிஞர்க்கும் உரியது. புதுக்கவிதை எழுதுவோரும் மரபில் நிற்போரும் தத்தம் சுவரைப் புதிதாகவே எழுப்புகின்றனர், எழுப்பவும் வேண்டும். பழந்தளியைப் பிரிக்கலாகாது என்று செம்பியன் மாதேவியார் சொன்னாரில்லை. அவர் பிரித்தார், புதிதாகக் கட்டினார். ஆனால், பிரிக்குமுன் படித்தார். கட்டியபின் மீண்டும் எழுதுவித்தார். கடன் பெற்ற சொல்லைக் கடன் பெற்றதென்றே ஒப்புக்கொண்டார். ஊர்ப்புறத்தில் ஒரே ஒரு நூல் அச்சிட்டு மறைந்த புலவர், தம் பெயரில் ஓர் ஏடும் இல்லாமல் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிப்போன பாட்டிமார் இவர்களெல்லாம் நம் அடித்தளத்தில் கிடக்கும் பழங்கற்கள். அவர்களைப் படியெடுக்கும் பணி எஞ்சி நிற்கிறது.

திருக்கோடிகாவலுக்குச் செல்வோர் அச்சுவரின்முன் சற்றே நின்று அவ்வெழுத்துகளைத் தேடிக் காணல் வேண்டும். கற்றளி எடுப்பித்தவர் தம் இயற்பெயரைச் சொல்லாமலே போய்விட்டார். அவர் காத்த பெயர்கள் அங்கே இன்றும் வரிவரியாக உள்ளன.